ஆயத்தமாய் இருப்போம், விபரங்களைக் காப்போம்

(திரான்சியில் பெற்றோரும் இளையோரும் கூடிய சந்திப்பில் ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



பேரிடர் நேர்ந்தால் முதல் மூன்று நாட்களைத் தாமே சமாளிக்கத்தக்க அவசரப் பையொன்றை ஒவ்வொரு வீட்டிலும் வைத்திருக்குமாறு பிரெஞ்சு அரசு அறிவுறுத்துகிறது. ஆளுக்கு 6 லீற்றர் குடிநீர், உணவு, மருந்து, வானொலி, ஆவணப் பிரதிகள் என்பன அதில் அடங்கும். லாச்சப்பல் கடைத்தெருவில் ஒரே நாளில் பெரும்பாலானவற்றை வாங்கிவிடலாம். ஆனால், ஆயத்தத்தின் பெயரால் திரட்டும் விபரங்களைக் காப்பது அத்துணை எளிதன்று. அதன் தேவையை இந்நகரின் வரலாறே உரைக்கும்.

நாசிகளின் ஆக்கிரமிப்பில் இருந்த பாரிசில், 1940 ஒக்டோபரில் யூதர்கள் தம்மைப் பதிவு செய்யுமாறு பணிக்கப்பட்டனர். பாரிசிலும் புறநகரிலும் ஏறத்தாழ 1,50,000 பேர் பதிந்தனர். காவல்துறை அவ்விபரங்களைப் பெயர், நாட்டுரிமை, தொழில், தெரு என வகைப்படுத்தி அட்டைகளில் அடுக்கியது. 1942 யூலை 16, 17 ஆம் நாட்களில் அவ்வட்டைகளின் துணையுடனேயே பொலிசார் கதவுகளைத் தட்டி, ஏறத்தாழ 13,000 பேரைக் கைது செய்தனர். முன்கூட்டியே செய்தி கசிந்ததால் பலர் தப்பினர். 1941 முதல் 1944 வரை இங்கு இயங்கிய தடுப்பு முகாமிலிருந்து ஏறத்தாழ 63,000 பேர் நாடுகடத்தப்பட்டனர். மீண்டவர் மிகச் சிலரே.

1983 யூலையில் கொழும்பில் வாக்காளர் பட்டியலுடன் காடையர் தமிழர் வீடுகளைத் தேடி வந்ததைப் பெற்றோர் மறந்திருக்கமாட்டீர்கள். வாக்குரிமைக்கென எழுதப்பட்ட பட்டியலே அன்று கொலைக்குத் துணைபோனது.

ஆகவே சில நடைமுறைகளைக் கைக்கொள்வோம். கடவுச்சீட்டு, வதிவிட அட்டை ஆகியவற்றின் பிரதியை எவருக்கேனும் கொடுக்க நேர்ந்தால், அதன் குறுக்கே யாருக்கு, எதற்கு, எந்நாளில் என எழுதிக் கொடுங்கள். சேமித்த பொருட்களையோ நகைகளையோ படமெடுத்து வட்ஸ்அப் குழுக்களில் பகிராதீர்கள். ஊர்ச் சங்கங்கள் அவசரகாலப் பட்டியல் தயாரித்தால் பெயர், தொலைபேசி எண், தேவைப்படும் உதவி ஆகியவை போதும். மதம், வதிவிட நிலை, வருமானம் வேண்டா. பட்டியலை யார் வைத்திருப்பர், எப்போது அழிப்பர் என்பதை முதலிலேயே கேளுங்கள். நம்மைப் பற்றிய பதிவைப் பார்க்கவும் திருத்தவும் 1978 ஆம் ஆண்டுச் சட்டம் இந்நாட்டில் நமக்கு உரிமை அளித்துள்ளது.

இளையோரே, பெற்றோரின் கைத்தொலைபேசிக்குப் பூட்டுக் குறியீடு இட்டுக் கொடுங்கள். அதே வேளை, 112 ஐ அழைக்கும்போது முகவரியை மறைக்காமல் சொல்லவும் பழக்குங்கள். உயிர்காக்க வேண்டியவரிடம் சொல்வதும், ஏனையோரிடம் அடக்கமாய் இருப்பதும் ஒரே ஆயத்தத்தின் இரு பக்கங்களாகும்.