வீடு சுருங்கும்போது வாயில்லா உயிர்கள்

(தசலட்சண விழாவில் ஆகிஞ்சன்ய நாளன்று ஆற்றிய உரை)



பத்து அறங்களுள் ஒன்பதாவதாகிய ஆகிஞ்சன்யம் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தார்கள். 'எனது என்று ஒன்றும் இல்லை' என்னும் நிலையே ஆகிஞ்சன்யம். துறவியர்க்கு அது முழுமையாக உரியது. இல்லறத்தாராகிய நமக்கு அளவோடு உரியது. அதன் தத்துவத்தை அறிஞர் பலர் இம்மேடையில் விளக்கியுள்ளனர். ஆகவே, நம் வீடுகளில் இன்று நடந்துவரும் ஒரு செய்தியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

வந்தவாசி, திண்டிவனம், செஞ்சி, ஆரணி வட்டாரங்களில் திண்ணையும் முற்றமும் தொழுவமும் உடைய வீடுகளில் வாழ்ந்த நம் முதியோர், பிள்ளைகள் இருக்கும் நகரங்களுக்கு ஒவ்வொருவராகப் பெயர்ந்து செல்கின்றனர். ஐந்து கட்டு வீட்டில் வாழ்ந்தவர் இரண்டு அறைக் குடியிருப்புக்குள் அடங்க வேண்டியிருக்கிறது. அமெரிக்காவில் ஓய்வு பெற்றோர் சிலர் வீட்டையே விற்றுவிட்டு, அடுப்பும் படுக்கையும் அமைந்த வண்டியொன்றில் குடியேறி ஊர் ஊராகச் செல்கின்றனர். இடம் எதுவாயினும் கேள்வி ஒன்றே: எதைக் கொண்டுசெல்வது, எதை விடுவது?

பொருள்களைப் பொறுத்தவரை விடை எளிது. அண்டாவும் குதிரும் மரப்பெட்டியும் வேண்டுவோர்க்குப் போகட்டும். ஓலைச்சுவடிகளையும் பழைய அச்சு நூல்களையும் மட்டும் பழைய தாள் கடைக்கு அனுப்பாதீர்கள். உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்ததற்குக் குடந்தைச் சமணக் குடும்பங்கள் துணை நின்றதை நாம் பெருமையோடு பேசுகிறோம். அப்பெருமையை நம் பரணிலேயே இழந்துவிடலாகாது. சென்னையில் அவர் பெயரால் அமைந்த நூலகமும், ரோஜா முத்தையா நூலகமும் இத்தகையவற்றைப் பேணுகின்றன.

கடினமான கேள்வி தொழுவத்திலும் திண்ணையிலும் இருக்கிறது. பொருளுக்கு வரையறை செய்துகொள்ளும் அணுவிரதத்தில் நிலம், வீடு, பொன், வெள்ளி, தானியம் ஆகியவற்றோடு கால்நடையும் எண்ணப்படுகிறது. எனவே, 'பற்றை விடுகிறேன்' என்று சொல்லி மாட்டைச் சந்தையில் விற்றுவிடலாம், நாயைத் தெருவில் விட்டுவிடலாம் என்று ஒருவர் கருதக்கூடும். ஆனால் கொல்லாமை அணுவிரதத்திற்கு உரிய ஐந்து குற்றங்களை நினைத்துப் பாருங்கள்: கட்டி வைத்தல், அடித்தல், உறுப்பறுத்தல், மிகுபாரம் ஏற்றல், உணவும் நீரும் தடுத்தல். ஐந்தாவதைச் செய்யக் கோலெடுக்க வேண்டியதில்லை. கதவைப் பூட்டிக்கொண்டு வண்டியேறினால் போதும். பூட்டிய வீட்டின் திண்ணையில், வருவோர் போவோர் காலடியோசைக்கெல்லாம் தலைதூக்கிப் பார்க்கும் நாயை நம் ஊர்களில் காணாதவர் இரார்.

ஆகவே, 'எனது' என்னும் எண்ணத்தை விடலாம். 'என் பொறுப்பு' என்பதை மற்றொருவர் ஏற்கும்வரை விடலாகாது. சட்டமும் இதையே சொல்கிறது. ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவையில் எடுத்த முயற்சியின் பயனாகப் பிறந்த 1960-ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடைச் சட்டம், பசியாலும் தாகத்தாலும் துன்புறும் நிலையில் ஒரு விலங்கைத் தக்க காரணமின்றிக் கைவிடுவதைக் குற்றமாக்கியுள்ளது.

இனிச் செய்முறை. முதலில், உடன் அழைத்துச்செல்ல வழியுண்டா என்று பாருங்கள். செல்லப்பிராணி வளர்ப்பதைக் குடியிருப்போர் சங்கம் முற்றாகத் தடைசெய்ய இயலாது என்பது விலங்குகள் நல வாரியத்தின் வழிகாட்டுதல். வழியில்லையெனில், புறப்படும் வாரத்திலன்றி, இரண்டு மூன்று மாதங்களுக்கு முன்பே இடம் தேடுங்கள்.

நாயைக் கொடுக்கும்போது வெறிநோய்த் தடுப்பூசிச் சீட்டையும், அது படுத்த துணியையும், உண்ட தட்டையும் சேர்த்துக் கொடுங்கள். அது என்ன உண்ணும், எதற்கு அஞ்சும் என்பதையும் சொல்லுங்கள். முதல் மூன்று நாள் மிரளும், மூன்று வாரத்தில் பழகும், மூன்று மாதத்தில் அதைத் தன் வீடாக எண்ணும் என்பது வளர்த்துத் தேர்ந்தவர் சொல்லும் கணக்கு. பூனைக்கு ஆளைவிட இடத்தின்மேல் பற்று மிகுதி. புதிய வீட்டில் இரண்டு மூன்று வாரம் உள்ளேயே வைத்துப் பழக்காவிடில் பழைய வீட்டைத் தேடி வழிதப்பிவிடும்.

பசுவைச் சந்தைக்கு ஓட்டினால் அது யார் கையில் போய்ச் சேரும் என்பதை நாம் அறியோம். கறவை வற்றியதாயின் அதன் முடிவை ஊகிப்பது அரிதன்று. தெரிந்த உழவர் குடும்பத்துக்கோ கோசாலைக்கோ கொடுங்கள். கோசாலைக்குக் கொடுப்போர் ஒன்றை மறக்கலாகாது: வளர்ந்த பசு நாளொன்றுக்கு 15 கிலோவுக்கு மேல் பசுந்தீவனமும் நாலைந்து கிலோ வைக்கோலும் உண்ணும். அச்செலவில் ஒரு பங்கை ஆண்டுதோறும் அனுப்பினால்தான் அது தானம்; இல்லையேல் நம் சுமையைப் பிறர் தலையில் ஏற்றியதாகும்.

புண்ணியம் என்றெண்ணிக் கூண்டுக்கிளியைத் திறந்துவிடாதீர்கள். இரை தேடப் பழகாத பறவை வெளியில் பிழைப்பது அரிது. நாட்டுக்கிளியை வளர்ப்பதையே 1972-ஆம் ஆண்டின் வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடுக்கிறது. வனத்துறையிடம் ஒப்படைப்பதே முறை. தொட்டி மீனை ஏரியில் விடுவதும் தவறு. தென்னமெரிக்காவிலிருந்து தொட்டிக்கென வந்த மீன்வகை சென்னை நீர்நிலைகளில் பெருகி, நம் நாட்டு மீன்களுக்கு இடராகியுள்ளது.

நம் காப்பியங்கள் இவ்வுயிர்களை எவ்வாறு கண்டன? அடியுண்டு உயிர் போகும் நாயின் செவியில் சீவகன் மந்திரம் ஓதினான். அந்நாய் சுதஞ்சணன் என்னும் தேவனாய்ப் பிறந்து அவனுக்கு உற்ற துணையாயிற்று. யசோதர காவியத்தில் அரசன் மயிலாகவும் அவன் தாய் நாயாகவும் பிறந்து, தம் குலத்தான் அரண்மனைக்கே வந்து சேர்கின்றனர். அவனோ அவர்களை அறிந்தானில்லை. நம் வாயிலில் நிற்கும் உயிர் எவருடையது என்பதை நாமும் அறியோம்.

இளைஞர்களுக்கு ஒரு வேண்டுகோள். பெற்றோரை நகருக்கு அழைக்கும்போது, "அம்மா, வீட்டை என்ன செய்யப் போகிறீர்கள்?" என்று கேட்கிறீர்கள். "மாட்டுக்கும் நாய்க்கும் என்ன வழி செய்வோம்?" என்றும் கேளுங்கள். வாய்விட்டுச் சொல்லாவிடினும் அவர்கள் மனம் அங்கேதான் இருக்கும். அறக்கட்டளைக்கும் ஒரு விண்ணப்பம்: கொடுக்க விரும்புவோரையும் ஏற்க இயன்றோரையும் ஊர்வாரியாகக் குறித்துவைக்க ஓர் ஏடு தொடங்குங்கள். ஆண்டுக்கு நான்கு உயிர்கள் அதனால் நல்லிடம் சேர்ந்தாலும் அது பெரும்பணி.

 எல்லா உயிரும் இன்புறுக.