சட்டமும் ஒரு முதல்தான்

(சங்கத்தின் பொன்விழாவையொட்டி நடைபெற்ற வணிகர் கருத்தரங்கில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)





பொன்விழா மேடையில் பழம்பெருமை பேசுவது வழக்கம். அதைப் பேச இங்கே என்னைவிடத் தகுதியுள்ள மூத்தவர்கள் இருக்கிறார்கள். எனக்குக் கொடுக்கப்பட்ட தலைப்பு 'வணிகமும் சட்டமும்'. பகல் சாப்பாட்டுக்கு முன்னால் இப்படி ஒரு தலைப்பைக் கேட்க யாருக்கும் பெரிய ஆசை இருக்காது. ஆகவே சட்டப் புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, கல்லாப் பெட்டியைத் திறந்து வைத்துப் பேசுகிறேன். நம் மக்களின் கடைக் கணக்குகளைப் பார்ப்பதுதான் என் தொழில். அந்தக் கணக்குகள் சொல்வதையே இங்கே சொல்லப் போகிறேன்.

நம் கடைகளில் அடிக்கடி காதில் விழும் ஒரு சொல் உண்டு: "அதிகாரி வந்தால் பார்த்துக்கொள்ளலாம்." கடை பிடிப்போம், அடுப்பு வைப்போம், ஆள் எடுப்போம், விலைப் பலகை எழுதுவோம், வியாபாரம் சூடு பிடிக்கும். சட்டம் என்பது இவையெல்லாம் முடிந்த பிறகு யாராவது கதவைத் தட்டினால் நினைவுக்கு வருவது. அப்படிக் கடைசியில் வைத்தால் சட்டம் அபராதமாக வரும். தொழில் திட்டத்தின் முதல் பக்கத்திலேயே எழுதி வைத்தால், எந்த விலைக்கு விற்பது, எத்தனை மணி நேரம் கடை திறப்பது, எத்தனை பேரை வேலைக்கு வைப்பது என்பதை அதுவே நமக்குச் சொல்லிக் கொடுக்கும்.

"இப்போதெல்லாம் சட்டம் கூடிப்போய்விட்டது, அந்தக் காலத்தில் இப்படியா இருந்தது?" என்று சிலர் கேட்கிறார்கள். ஊழியர் சேமநிதி 1951இல் தோன்றியது. வேலைச் சட்டம் 1955ஆம் ஆண்டுச் சட்டம். சொக்சோவுக்கான சட்டம் 1969இல் வந்தது. நம் சங்கம் பிறந்தபோதே இவை மூன்றும் நடப்பில் இருந்தன. சட்டம் புதிதல்ல. அதைக் கணக்கில் சேர்ப்பதுதான் நம்மில் பலருக்குப் புதிது.

ஓர் ஊழியரின் உண்மையான விலை

2025 பிப்ரவரி 1 முதல் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி. ஐந்து பேருக்குக் குறைவாக வேலைக்கு வைத்திருக்கும் சிறு கடைகளுக்கும் அதே ஆண்டு ஆகஸ்டு 1 முதல் அதுதான். ஆனால் 1,700 வெள்ளி வாங்கும் ஓர் உள்நாட்டு ஊழியருக்கு முதலாளி கொடுப்பது 1,700 மட்டும் அல்ல. சேமநிதிக்கு 13 விழுக்காடு, அதாவது 221 வெள்ளி. சொக்சோவும் வேலைக் காப்புறுதியும் சேர்ந்தால் இன்னும் முப்பது வெள்ளிக்கு மேல். மொத்தம் ஏறத்தாழ 1,950 வெள்ளி.

இடையிலுள்ள அந்த 250 வெள்ளியைச் சேர்க்காமல் விலைப் பலகை எழுதிய கடையை எடுத்துக்கொள்ளுங்கள். பத்து ஊழியர்கள் இருந்தால் மாதம் 2,500. ஆண்டுக்கு 30,000 வெள்ளி. இந்தப் பணம் எங்கிருந்து வரும்? லாபம் என்று நினைத்து வீட்டுக்கு எடுத்துப் போன பணத்திலிருந்துதான் வர வேண்டும். அது வராதபோது சேமநிதி பாக்கி விழுகிறது. அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் கட்ட வேண்டியதைக் கட்டாவிட்டால் மூன்று ஆண்டு வரை சிறை, அல்லது 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். செண்டிரியான் பெர்ஹாட் என்று பதிந்துவிட்டால் தப்பிக்கலாம் என்றும் எண்ண வேண்டாம். சேமநிதி பாக்கிக்கு இயக்குநர்களும் சேர்ந்தே பொறுப்பு.

வெளிநாட்டு ஊழியர்களுக்கும் இப்போது சேமநிதி உண்டு. 2025 அக்டோபர் மாதச் சம்பளத்திலிருந்து முதலாளி 2 விழுக்காடு, ஊழியர் 2 விழுக்காடு. லெவியும் முதலாளியின் பொறுப்பு. "ஊரிலிருந்து ஆள் எடுத்தால் மலிவு" என்ற பழைய கணக்கை ஒருமுறை தாளில் போட்டுப் பாருங்கள்.

இருபத்து நான்கு மணி நேரக் கடை

நம் உணவகங்களின் பெருமையே இரவு மூன்று மணிக்கும் ரொட்டி கிடைக்கும் என்பதுதான். அந்தப் பெருமைக்கு ஒரு கணக்கு உண்டு. 2023 ஜனவரி 1 முதல் வார வேலை நேரம் 48இலிருந்து 45 மணியாகக் குறைந்துவிட்டது. ஒரு வாரத்துக்கு 168 மணி நேரம். 168ஐ 45ஆல் வகுத்தால் 3.73. ரொட்டிக் கல்லுக்கு முன்னால் எந்நேரமும் ஒருவர் நிற்க வேண்டுமானால், ஏறக்குறைய நான்கு பேர் வேண்டும்.

இரண்டு பேரை வைத்து ஓட்டினால்? ஒருவருக்கு வாரம் 84 மணி நேரம். கூடுதல் நேரம் மட்டும் மாதத்துக்கு 169 மணி. சட்டம் அனுமதிப்பது மாதம் 104 மணிதான். ஆகவே அந்த வழி அடைபட்டது.

மூன்று பேர் என்றால் ஒருவருக்கு வாரம் 56 மணி. கூடுதல் நேரம் மூவருக்கும் சேர்த்து வாரம் 33 மணி. 1,700 வெள்ளிச் சம்பளத்தை 26ஆல் வகுத்து, பிறகு 8ஆல் வகுத்தால் ஒரு மணி நேரம் 8 வெள்ளி 17 காசு. அதன் ஒன்றரை மடங்கு 12 வெள்ளி 26 காசு. மாதத்துக்குக் கூடுதல் நேரச் சம்பளம் ஏறத்தாழ 1,750 வெள்ளி. நான்காவது ஆளை எடுத்தால் 1,950 வெள்ளி. வித்தியாசம் 200 வெள்ளி.

அந்த 200 வெள்ளிக்கு என்ன கிடைக்கிறது? ஒருவர் காய்ச்சலில் படுத்தாலும், பெருநாளுக்கு ஊர் போனாலும் கடை நிற்காது. மூன்று பேர் திட்டத்தில் ஒருவர் விழுந்தால் மற்ற இருவரும் 84 மணி நேரத்துக்குப் போய்விடுவார்கள். எது சிறந்தது என்பது கடைக்குக் கடை மாறும். இரவு ஒரு மணிக்குக் கடையைச் சாத்துவதே லாபம் என்று சிலருக்குக் கணக்கு சொல்லலாம். இந்தக் கணக்கைப் போட்ட பிறகு முடிவெடுப்பவர்தான் வியாபாரி. பக்கத்துக் கடை திறந்திருக்கிறது என்பதற்காகத் திறந்து வைப்பவர், பக்கத்துக் கடைக்காரரின் கணக்கில் தன் கடையை நடத்துகிறார்.

எழுதப்படாத கடன்

நம்மிடம் பரவலாக உள்ள பழக்கம் ஒன்று. நாளுக்கு 12 மணி நேரம், வாரம் ஆறு நாள், 'மொத்தமாக' 2,200 வெள்ளி. முதலாளிக்கும் நிம்மதி, ஊழியருக்கும் சம்மதம். ஆனால் சட்டம் என்ன சொல்கிறது? இடைவேளை நீங்கலாக 12 மணி நேரம் என்றால் வாரம் 72 மணி. கூடுதல் நேரம் 27 மணி, மாதத்துக்கு 117 மணி. முதலில் 104 மணி வரம்பே தாண்டிவிட்டது. அடுத்து, அடிப்படைச் சம்பளத்தை 1,700 என்றே வைத்துக் கணக்கிட்டாலும் அவருக்குச் சேர வேண்டியது ஏறத்தாழ 3,130 வெள்ளி. கொடுத்தது 2,200. மாதம் 900 வெள்ளிக்கு மேல் பாக்கி. ஆண்டுக்கு 11,000. பத்துப் பேருக்கு 1 லட்சத்து 10 ஆயிரம் வெள்ளி.

இது கடன். எந்தப் பேரேட்டிலும் எழுதப்படாத கடன். தொழிலாளர் இலாகாவில் ஒருவர் புகார் கொடுக்கும் நாளில்தான் இது கண்ணுக்குத் தெரியும். ஆனால் அந்த நாள் வராவிட்டாலும் கடன் கடன்தான். அவர் சம்மதித்தாரே என்று சொல்லலாம். சட்டம் கொடுத்ததைவிடக் குறைவாக வாங்கிக்கொள்ள ஊழியர் சம்மதித்தாலும் அந்தச் சம்மதம் செல்லாது.

நம் சமுதாயத்துக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. திருக்குர்ஆனின் மிக நீளமான வசனம், அல்பகரா அத்தியாயத்தின் 282ஆவது வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. ஒருவர் மௌத்தானால் அவர் விட்டுச்சென்ற சொத்திலிருந்து கடன்களைத் தீர்த்த பிறகே வாரிசுகளுக்குப் பங்கு. ஊழியருக்குக் கொடுக்காமல் விட்ட சம்பளத்தைக் கடன் பட்டியலில் சேர்த்து எழுதிய முதலாளி நம்மில் எத்தனை பேர்? இந்தக் கேள்வியை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

ஊழியர்களின் பாஸ்போர்ட்டை வாங்கிக் கடைப் பெட்டியில் பூட்டி வைப்பதும் இதோடு சேர்ந்தது. "ஓடிவிடுவார்கள், அதனால்தான்" என்பார்கள். அடுத்தவர் பாஸ்போர்ட்டைச் சட்ட அனுமதியின்றி வைத்திருப்பது 1966ஆம் ஆண்டு பாஸ்போர்ட் சட்டப்படி குற்றம். கட்டாய உழைப்பு என்ற குற்றமும் 2023 முதல் வேலைச் சட்டத்திலேயே சேர்க்கப்பட்டுள்ளது. அபராதம் 1 லட்சம் வெள்ளி வரை போகும். செல்லத்தக்க பெர்மிட் இல்லாத ஒருவரை வேலைக்கு வைத்தால் ஆளுக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம். ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் என்றால் சிறையும் பிரம்படியும் உண்டு. சம்பளமும் தங்குமிடமும் ஒழுங்காக இருக்கும் கடையிலிருந்து ஆள் ஓடுவது குறைவு. பூட்ட வேண்டியது பாஸ்போர்ட்டை அல்ல, நல்ல ஊழியர் வேறு கடைக்குப் போகும் காரணங்களை.

உரிமம் ஒரு சொத்து

சட்டத்தைச் சுமையாகப் பார்த்தவர்களும் முதலாகப் பார்த்தவர்களும் எங்கே பிரிந்தார்கள் என்பதற்கு நம் பணமாற்று வணிகமே சாட்சி. 2011இல் பணச் சேவை வணிகச் சட்டம் வந்தது. பேங்க் நெகாராவின் உரிமம், வாடிக்கையாளரின் அடையாளத்தைச் சரிபார்த்தல், பதிவேடு, சந்தேகத்துக்குரிய பரிவர்த்தனையைத் தெரிவித்தல் என்று கட்டுப்பாடுகள் இறுகின. 'கவுண்டரும் கால்குலேட்டரும் போதும்' என்றிருந்த தொழிலுக்கு அது பெரிய மாற்றம். ஆனால் அந்த வேலிதான், உரிமம் இல்லாமல் மலிவாக மாற்றித் தருகிறேன் என்று வருபவரிடமிருந்து உரிமம் உள்ளவரைக் காக்கிறது. வேலிக்குள் இருப்பவருக்கு வேலி சொத்து.

ஹலால் சான்றிதழும் அப்படித்தான். முஸ்லிம் நடத்தும் கடைக்கு ஜாக்கிம் சான்றிதழ் கட்டாயமில்லை. "நம்மிடம் ஹலால் கேட்பார்களா?" என்று பலர் விட்டுவிடுகிறார்கள். தெருவில் வருபவர் கேட்க மாட்டார். ஆனால் மசாலாவையும் கறித்தூளையும் பெரிய அங்காடிக்குக் கொடுக்க நினைக்கும்போதும், வெளிநாட்டுக்கு அனுப்ப நினைக்கும்போதும் முதலில் கேட்பது அந்தச் சான்றிதழைத்தான். அதற்காக வாங்கும் பொருளின் ரசீது, சமையற்கூடத்தின் சுத்தம், ஊழியர்களின் தடுப்பூசிப் பதிவு என்று ஒழுங்குபடுத்தும்போது கடையில் விரயமும் குறையும்.

காப்பிக் காசு

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ஊழல் தடுப்பு ஆணையச் சட்டத்தின் 17ஏ பிரிவு 2020 ஜூன் 1 முதல் நடப்பில் உள்ளது. நிறுவனத்தின் சார்பில் யாராவது, தொழில் வாய்ப்புக்காகவோ சலுகைக்காகவோ லஞ்சம் கொடுத்தால் நிறுவனமே குற்றவாளி. அபராதம் லஞ்சத் தொகையின் பத்து மடங்கு அல்லது 10 லட்சம் வெள்ளி, இதில் எது அதிகமோ அதற்குக் குறையாது. "மேனேஜர் கொடுத்தார், எனக்குத் தெரியாது" என்று சொல்லித் தப்ப முடியாது. லஞ்சத்தைத் தடுக்கப் போதிய நடைமுறைகள் நிறுவனத்தில் இருந்தன என்று நாம்தான் நிரூபிக்க வேண்டும். ஆகவே எழுதி வையுங்கள்: யாருக்கும் காப்பிக் காசு கொடுக்கக் கூடாது, கேட்டால் முதலாளியிடம் சொல்ல வேண்டும். ஊழியர்களுக்குப் படித்துக் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். ஆண்டுக்கு ஒருமுறை மறுபடியும் செய்யுங்கள்.

அடுத்த தலைமுறைக்கு எதைக் கொடுக்கப் போகிறோம்?

நம் சமுதாயத்தின் பெரிய கவலை, பிள்ளைகள் கடைக்கு வர மறுக்கிறார்கள் என்பது. அவர்கள் படித்தவர்கள். வாப்பாவின் கடையை வந்து பார்க்கிறார்கள். வரிக்கு ஒரு கணக்கு, வீட்டுக்கு ஒரு கணக்கு. வாடகை ஒப்பந்தம் காலாவதி. உரிமம் இன்னொருவர் பெயரில். பங்காளிக்கு எவ்வளவு பங்கு என்பது இரண்டு பெரியவர்களின் நினைவில் மட்டும். இதை எந்தப் பிள்ளை துணிந்து ஏற்கும்?

இரண்டு கணக்கு வைப்பவர் ஒன்றை மறந்துவிடுகிறார். வரி வாரியத்துக்குக் காட்டிய கணக்கைத்தான் வங்கியும் பார்க்கும். லாபமே இல்லை என்று ஐந்து ஆண்டுகள் எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டாவது கடைக்கு ஐந்து லட்சம் கடன் கேட்டால் வங்கி எப்படிக் கொடுக்கும்? கடையை விற்க நினைத்தாலும் வாங்குபவர் காகிதத்தில் உள்ள லாபத்துக்குத்தான் விலை சொல்வார். 2024 ஆகஸ்டு 1 முதல் பெரிய நிறுவனங்களில் தொடங்கி, மின்-விலைப்பட்டியல் படிப்படியாகக் கீழே வந்துகொண்டிருக்கிறது. நமக்குச் சரக்குக் கொடுப்பவரின் கணக்கு வரி வாரியத்துக்குத் தெரியும்போது, நம் கணக்கை எத்தனை நாள் மறைப்பது?

என்ன செய்யலாம்? ஒரே நாளில் எல்லாம் முடியாது. கல்லாவுக்குப் பின்னால் ஒரு நாட்காட்டி மாட்டுங்கள். 15ஆம் தேதி சேமநிதி, சொக்சோ. நிறுவன ஆண்டறிக்கை, பதிவு செய்த நாள் திரும்பி வந்த 30 நாட்களுக்குள். ஊராட்சி மன்ற உரிமம், பெர்மிட், ஊழியர் தடுப்பூசி, ஹலால் சான்றிதழ் முடியும் தேதிகள் எல்லாம் அதில் இருக்கட்டும். கணக்கு ஏடுகளும் ரசீதுகளும் ஏழு ஆண்டுகள் பத்திரமாக இருக்கட்டும். அடுத்து, நான் சொன்ன மூன்று பேர், நான்கு பேர் கணக்கை உங்கள் கடைக்குப் போடுங்கள். பாக்கி இருந்தால் தாளில் எழுதி, தவணை வைத்துத் தீர்க்கத் தொடங்குங்கள். புதிய கடை திறக்கும் முன் இவையெல்லாம் செலவுப் பட்டியலில் முதல் வரியாக இருக்கட்டும்.

சங்கத்துக்கும் ஒரு வேண்டுகோள். திருமணத்துக்கும் கல்விக்கும் ஜனாஸாவுக்கும் இந்தச் சங்கம் ஐம்பது ஆண்டுகளாகத் துணை நின்றிருக்கிறது. இனி மாதம் ஒரு மாலை, சிறு கடைக்காரர்கள் தங்கள் காகிதங்களோடு வந்து கேட்க ஓர் உதவி மேசை வையுங்கள். நம் சமுதாயத்தில் கணக்காளர்களும் வழக்கறிஞர்களும் நிறுவனச் செயலாளர்களும் இப்போது நிறையவே இருக்கிறார்கள். ஆளுக்கு ஆண்டில் இரண்டு மாலை கொடுத்தால் போதும். என் இரண்டு மாலைகளை இப்போதே எழுதிக்கொள்ளுங்கள்.

நம் முன்னோர் கடல் தாண்டி வந்தபோது கையில் பெரிய முதல் கிடையாது. சொன்ன சொல் தவறாதவர் என்ற பெயர்தான் முதல். அந்தப் பெயரை இன்று காகிதத்திலும் காட்ட வேண்டியிருக்கிறது. அவ்வளவுதான் மாற்றம். நம் தொழிலிலும் நாம் கொடுக்கும் கூலியிலும் அல்லாஹ் பரக்கத் செய்வானாக.