எமது வளவில் ஒரு வானக்கூடம்

(சங்க ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



கொழும்பிலிருந்து வானத்தைப் பார்க்க முடியுமா என்று கேட்போர் பலர். வெள்ளவத்தையிலே காலி வீதியின் விளக்கொளி ஒருபுறம், கடலிலிருந்து ஏறிவரும் முகில் மறுபுறம். கொட்டாஞ்சேனையிலோ வளவு என்பதே அரிது, மொட்டைமாடியே முற்றம். இக்குறைகள் யாவும் உண்மையே. இவை இருப்பதனாலேயே நிலையான ஒரு சிறு வானக்கூடம் எமக்கு வேண்டும் என்பதை இன்று எடுத்துரைக்க விரும்புகிறோம்.

பூமி மணிக்கு 15 பாகை வீதம் சுழல்கிறது. ஆகவே தொலைகாட்டியில் அகப்பட்ட விண்மீன் சிறிது நேரத்தில் பார்வையை விட்டு நழுவிவிடும். அதனைப் பின்தொடர வேண்டுமாயின், தொலைகாட்டியைத் தாங்கும் பொறியின் அச்சு பூமியின் அச்சுக்கு ஒப்பாக நிற்றல் வேண்டும். மேனாட்டார் துருவ மீனை நோக்கி அச்சைத் திருப்பி எளிதில் இதனைச் செய்துவிடுவர். கொழும்போ நடுக்கோட்டிலிருந்து ஏறக்குறைய 7 பாகை வடக்கே உள்ளது. துருவ மீனும் அடிவானத்துக்கு மேல் அந்த 7 பாகை உயரத்திலேதான் நிற்கும். அயல் வீட்டுக் கூரையும் தென்னோலையும் அதனை மறைத்துவிடும்.

அப்படியாயின் வழி யாது? தலைக்கு மேலே, தென்வடல் கோட்டுக்கு அண்மையிலுள்ள ஒரு விண்மீனைக் குறுக்குக் கோட்டில் நிறுத்தி, அது வடக்கே நழுவுகிறதா தெற்கே நழுவுகிறதா என்று பொறுமையாகப் பார்த்து, அச்சைச் சிறிது சிறிதாகத் திருத்த வேண்டும். பின்னர் கீழ்வானத்து விண்மீன் ஒன்றைக் கொண்டு அச்சின் சாய்வையும் அவ்வாறே திருத்த வேண்டும். இதற்கு ஒரு மணி நேரமாவது செல்லும். அதற்குள் முகில் வந்துவிடும். ஒவ்வோர் இரவும் முக்காலியைத் தூக்கிவந்து நிறுத்துபவர், ஆயத்தத்திலேயே இரவைக் கழிப்பர். அசையாத தூணில் ஒருமுறை திருத்தி வைத்தவரோ, வானம் வெளுத்த இருபது நிமிடத்தையும் பயன்படுத்திக்கொள்வர். வானக்கூடத்தின் முதற் பயன் இதுவே.

அதனை அமைப்பது பெருங்காரியமன்று. மூன்றடி ஆழத்தில் கிடங்கு வெட்டிக் கொங்கிறீற்றுத் தூண் ஒன்றை எழுப்புக. கூடத்தின் தரை அத்தூணைத் தொடலாகாது. விரலளவு இடைவெளி வேண்டும். இன்றேல் நாம் நடக்கும் அதிர்வு படத்தில் தெரியும். வெள்ளவத்தையில் கரையோர இரயிலின் அதிர்வையும் எண்ணி, பாதையிலிருந்து இயன்ற தொலைவில் தூணை நிறுத்துவது நன்று. மொட்டைமாடியாயின், கீழே தூணோ கனத்த சுவரோ உள்ள இடத்தையே தெரிக. சுற்றிலும் நெஞ்சளவுச் சுவர். மேலே தகரக் கூரை. தள்ளு கேற்றுக்குப் பூட்டும் சில்லுகளைக் கூரைக்குப் பூட்டி, இரும்புத் தண்டவாளத்தில் ஓடவிட்டால், ஓர் இளைஞரே தள்ளித் திறக்கலாம். தென்மேற்குப் பருவக் காற்றுக்குக் கூரை கிளம்பாதபடி கொளுக்கி அவசியம். வெயிலில் கூடம் கொதியாதிருக்க வெள்ளைப் பூச்சுப் பூசுவதோடு, பார்ப்பதற்கு ஒரு மணி நேரம் முன்னரே திறந்துவைத்தல் வேண்டும். உப்புக்காற்று ஆடியின் பூச்சை அரிக்கும். ஈரம் வில்லையில் பூஞ்சணம் பிடிக்கச் செய்யும். ஆகவே மூடியும், ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல்லும் எப்போதும் இருத்தல் வேண்டும்.

இனிப் படமெடுத்தலைப் பார்ப்போம். நகர ஒளி மங்கலான வான்முகில்களை மறைக்குமேயன்றி, சந்திரனையும் வியாழனையும் சனியையும் மறைக்க வல்லதன்று. இங்கே எமக்கொரு பேறும் உண்டு. வியாழன் மிகத் தெற்கே செல்லும் ஆண்டுகளில் இலண்டனில் அது 15 பாகை உயரத்துக்கு மேல் ஏறாது. கொழும்பிலோ 60 பாகை வரை எழும். உயர எழுந்தால் கடந்துவரும் காற்றுப் படலம் குறையும்; படம் தெளியும். சிறு கமராவால் சில நிமிடங்களில் ஆயிரக்கணக்கான படங்களை எடுத்து, காற்று அசையாத கணத்தில் விழுந்தவற்றைக் கணினியால் தெரிந்து ஒன்றன்மேல் ஒன்றாகச் சேர்த்தால், வியாழனின் பட்டைகள் துலங்கும். 1956 முதல் 2008 இல் மறையும்வரை இலங்கையில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க், கொழும்பிலுள்ள தம் இல்லத்திலேயே 14 அங்குலத் தொலைகாட்டி வைத்திருந்தார் என்பதை நினைக. ஓர் எச்சரிக்கை: தொலைகாட்டியின் முன்வாயில் உரிய வடிகட்டியைப் பூட்டாமல் சூரியனை ஒருபோதும் நோக்கலாகாது. கண் போய்விடும்.

நிதி சேர்ந்தால் பெரிய தொலைகாட்டியே வாங்குவோம் என்று இளைஞர் எண்ணுவது இயல்பு. இதனால் யாது பயன் என்று மூத்தோர் வினவுவதும் இயல்பு. இருவருக்கும் ஒரு மனிதரின் வாழ்வே விடை. வங்காளத்து யசோரில் அரசாங்கக் கருவூலத்தில் சிற்றுத்தியோகம் பார்த்தவர் ராதா கோவிந்த சந்திரர். 1912 ஆம் ஆண்டு 3 அங்குலத் தொலைகாட்டி ஒன்றை வாங்கினார். ஒளி கூடியும் குறைந்தும் மாறும் விண்மீன்களை அயல் விண்மீன்களோடு ஒப்பிட்டு, நாளும் நேரமும் குறித்துவந்தார். 1918 இல் கழுகு மண்டலத்தில் எழுந்த புதுமீனையும் கண்டு எழுதினார். மாறும் விண்மீன்களை நோக்கும் அமெரிக்கச் சங்கம் அவர் அருமையறிந்து, 1926 இல் 6 அங்குலத் தொலைகாட்டியை அவருக்குக் கடலாக அனுப்பிவைத்தது. அவர் அனுப்பிய குறிப்புகள் 37,000 க்கு மேல். அத்தொலைகாட்டி பின்னர் வைணு பாப்புவின் வழியாகத் தமிழ்நாட்டுக் காவலூர் வானாய்வுக் கூடத்தைச் சேர்ந்தது. சிறிய கருவி கொண்டு ஒழுங்காக எழுதியவரைப் பெரிய கருவி தேடிவந்தது.

எனவே அன்பர்களே, முதலில் தூணை நாட்டுவோம், அடுத்துக் கூரை, தொலைகாட்டி கையிலுள்ளதே போதும். கூடத்துச் சுவரில் ஒரு குறிப்பேட்டைத் தொங்கவிடுவோம். நாள், நேரம், பார்த்த பொருள், வானத்தின் நிலை, பார்த்தவர் பெயர் என எழுதுவோம். முகில் மூடிய இரவாயின் அதனையும் எழுதுவோம். பரீட்சை வரும், உத்தியோகம் வரும், பிறநாட்டுப் பயணமும் வரும். தொடங்கிய இளைஞர் பலர் இவ்வூரை விட்டுச் செல்லக்கூடும். ஏடு அறாது இருக்குமாயின் அடுத்து வருபவர் விட்ட இடத்திலிருந்தே தொடங்குவர். அவ்வேட்டைக் காக்கும் பொறுப்பைப் பெரியோர்கள் ஏற்றருளுமாறும், முதற் பக்கத்தை எழுத இளைஞர்கள் முன்வருமாறும் வேண்டி அமைகின்றோம்.