வருமானம் ஏறியது, பயணி எங்கே?

ரயில்வேயின் கணக்கைப் பற்றி ஒரு பொதுமேடையில் பேசுவானேன் என்று சிலர் நினைக்கலாம். 1924 முதல் 2016 வரை ரயில்வேக்குத் தனி பட்ஜெட் இருந்தது. வண்டி எத்தனை, கட்டணம் எவ்வளவு என்று நாடே ஒருநாள் உட்கார்ந்து பேசியது. 2017இல் அது பொது பட்ஜெட்டோடு சேர்க்கப்பட்ட பிறகு நம் காதுக்கு வருவது பெரும்பாலும் ஒரே ஒரு செய்திதான்: போன ஆண்டைவிட இத்தனை சதவீதம் வளர்ச்சி. அந்தச் சதவீதத்துக்குள் யார் இருக்கிறார்கள், யார் விடுபட்டுப் போனார்கள் என்பதைத்தான் இன்று உங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

2022-23இல் தெற்கு ரயில்வேயின் பயணிகள் வருமானம் 3,500 கோடி ரூபாய்ச் சொச்சத்திலிருந்து 6,300 கோடிக்கு மேல் ஏறியது. ஏறத்தாழ 80 சதவீத உயர்வு. கேட்கப் பெருமையாக இருக்கிறது. ஆனால் மழை பொய்த்த ஆண்டின் மணிலாக்கடலை விளைச்சலோடு அடுத்த ஆண்டு விளைச்சலை ஒப்பிட்டு மகிழும் உழவர் இங்கே யாராவது உண்டா? 2020 மார்ச்சில் கொரோனாவால் வண்டிகள் நின்றன. 2020-21இல் நாடு முழுவதும் ரயில் ஏறியவர்கள் வெறும் 125 கோடி, மறு ஆண்டு 352 கோடி. அந்தப் பள்ளத்திலிருந்து அளந்தால் எதுவும் மலையாகத்தான் தெரியும். நல்ல ஆண்டோடு ஒப்பிடுவதே நேர்மை. நாடளவில் 2018-19இல் பயணங்கள் 844 கோடி, பயணிகள் வருமானம் சுமார் 51,000 கோடி ரூபாய். 2022-23இல் பயணங்கள் 640 கோடி, வருமானம் 63,000 கோடிக்கு மேல். இருநூறு கோடிப் பயணங்கள் காணாமல் போயிருக்கின்றன. பணமோ பன்னிரண்டாயிரம் கோடி கூடியிருக்கிறது. ஒரு பயணத்துக்குச் சராசரியாக 60 ரூபாய் கிடைத்த இடத்தில் 99 ரூபாய் கிடைத்திருக்கிறது.

மக்கள் இப்போது நெடுந்தூரம் போகிறார்கள், அதனால் டிக்கெட் விலை கூடித் தெரிகிறது என்று ஒருவர் மறுக்கலாம். நியாயமான கேள்விதான். சராசரித் தூரம் 137 கிலோமீட்டரிலிருந்து 150 ஆகியிருப்பது உண்மை. அப்படியானால் கிலோமீட்டர் கணக்கிலேயே பார்ப்போம். ஒரு பயணி ஒரு கிலோமீட்டர் போக 2018-19இல் 44 பைசா கொடுத்தார். நான்கே ஆண்டுகளில் அது 66 பைசா. தூரம் கூடியது ஒரு பகுதிக் காரணம் மட்டுமே என்பது இதிலேயே தெரிகிறது. மகளிருக்குக் கட்டணமில்லாப் பேருந்து வந்ததால் ரயிலில் கூட்டம் குறைந்தது என்றும் சொல்வார்கள். அந்தத் திட்டம் 2021இல் தமிழ்நாட்டில் வந்தது. நான் சொன்ன சரிவு இந்தியா முழுமைக்குமானது.

உண்மையான காரணத்தைத் தேடி நெடுந்தூரம் போக வேண்டியதில்லை. கொரோனாவுக்குப் பிறகு பாசஞ்சர் வண்டிகள் எக்ஸ்பிரஸ் சிறப்பு வண்டிகள் என்ற பெயரில் திரும்பி வந்தன. குறைந்தபட்சக் கட்டணம் 10 ரூபாயிலிருந்து 30 ரூபாய் ஆனது. இந்த முண்டியம்பாக்கத்திலிருந்து விழுப்புரத்துக்குப் போனாலும் திண்டிவனத்துக்குப் போனாலும் அதே முப்பது. நாற்று நடப் போகும் அம்மாவுக்கும், கல்லூரிக்குப் போகும் பிள்ளைக்கும், இதே ஊரிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு வரும் நோயாளிக்கும் அது மூன்று மடங்கு. 2024 பிப்ரவரியில்தான் பழைய பத்து ரூபாய் திரும்பியது. நான்கு ஆண்டுகள்! அதற்குள் வழக்கம் மாறிப்போனவர்களை யார் திரும்ப அழைத்து வருவது? மூத்த குடிமக்களுக்கு 2020இல் நிறுத்திய சலுகை இன்னும் வரவேயில்லை.

ரயில்வே அமைச்சகம் ஒரு பதில் வைத்திருக்கிறது, அதை மறைத்துப் பேசுவது முறையாகாது. பயணிக்கு ஆகும் செலவில் பாதிக்குச் சற்று மேல்தான் டிக்கெட்டில் வருகிறது, 2022-23இல் மட்டும் சுமார் 57,000 கோடி ரூபாயை மானியமாகச் சுமந்தோம், சரக்குதான் உங்களைத் தூக்கி நிறுத்துகிறது என்கிறது அது. நாடளவில் சரி, அந்த ஆண்டு சரக்கு வருமானம் 1,62,000 கோடி. ஆனால் அந்தச் சரக்கில் ஏறத்தாழப் பாதி நிலக்கரி, மற்ற சரக்குகள் கைநழுவிப் போயின. விடுதலை பெற்ற காலத்தில் நாட்டின் சரக்கில் மிகப் பெரும்பங்கைச் சுமந்த ரயில், இன்று முப்பது சதவீதத்தைக்கூட எட்டவில்லை. மிச்சத்தில் பெரும்பகுதி லாரிக்குப் போய்விட்டது. வேகன் வேகனாக யூரியா வந்து இறங்கும் முண்டியம்பாக்கத்துக்கு இதன் பொருள் புரியும். இழந்த சரக்கை மீட்பதில்தான் ரயில்வேயின் வருங்கால வருமானம் இருக்கிறது, முன்பதிவில்லாப் பெட்டியில் நிற்பவரின் சட்டைப்பையில் இல்லை. தெற்கு ரயில்வேயிலோ கணக்கே தலைகீழ்: 2023-24இல் பயணிகள் தந்தது 7,100 கோடிக்கு மேல், சரக்கு தந்தது அதில் பாதியளவு. இந்த மண்டலத்தைத் தாங்குபவரே பயணிதான்.

ஆகவே இந்த அவையின் வழியாக மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன். ஆண்டறிக்கையில் போன ஆண்டோடு 2018-19ஐயும் சேர்த்து ஒப்பிடுங்கள். முன்பதிவில்லாப் பயணிகளின் எண்ணிக்கையை நிலையம் வாரியாக வெளியிடுங்கள். காலையில் மருத்துவமனைக்கு வருவோரும் மாலையில் திரும்புவோரும் ஏறும்படி முண்டியம்பாக்கத்தில் கூடுதல் வண்டிகளை நிறுத்துங்கள். இவற்றைத் தீர்மானமாக எழுதிக் கையெழுத்திட்டு நம் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் தெற்கு ரயில்வே பொது மேலாளரிடமும் கொடுக்க, இங்கே கூடியிருக்கும் ஒவ்வொருவரும் முன்வர வேண்டும்.