வராத அக்கா வீட்டுக்கு முதலில் போவோம், அபராதம் அப்புறம்

(கும்மிடிப்பூண்டி பகுதி ஊராட்சி அளவிலான கூட்டமைப்புகளின் கூட்டத்தில் தொண்டு நிறுவனக் கள ஒருங்கிணைப்பாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



நாங்கள் வந்தாலே வங்கிக் கடன், தணிக்கை, பதிவேடு என்றுதான் பேசுவோம் என்று உங்களுக்குத் தெரியும். இன்றைக்கு அந்த நோட்டையெல்லாம் கொஞ்சம் ஓரமா வைங்க. நாங்கள் செய்த ஒரு தப்பைச் சொல்லி ஆரம்பிக்கிறோம்.

நம்ம கூட்டமைப்பில் உள்ள ஒரு குழுவில் ஒரு அக்கா. சேமிப்பு, தவணை எதிலும் ஒரு நாள் பிந்தியதில்லை. திடீரென்று கூட்டத்துக்கு வருவது நின்றுபோனது. மூன்று கூட்டம் வரவில்லை. விதிப்படி அபராதம் போட்டோம், தீர்மான நோட்டில் எழுதினோம். மேற்பார்வைக்குப் போன நாங்களும் "சரிதான்" என்று கையெழுத்துப் போட்டோம். "ஏன் வரல?" என்று கேட்க ஒருத்தரும் அந்த வீட்டுப் படியேறவில்லை. சமூகப்பணி படித்துவிட்டு வந்த எங்களுக்கே அது தோன்றவில்லை.

அந்த வீட்டில் என்ன நடந்தது? மூத்த பையனுக்கு பத்தொன்பது வயது. ஐ.டி.ஐ. முடித்துவிட்டு சிப்காட்டில் ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் வேலை. நைட் ஷிப்ட், டே ஷிப்ட் மாறி மாறி. கொஞ்ச நாளில் தூக்கம் போனது. லீவு நாளிலும் தூங்குவதில்லை. குளிப்பதில்லை. "எல்லாரும் என்னைப் பத்தியே பேசுறாங்க" என்று சொல்ல ஆரம்பித்தான். தனியாகப் பேசினான், கதவைச் சாத்திக்கொண்டான். பக்கத்து வீட்டில் "காத்து கருப்பு" என்றார்கள். சொந்தக்காரர் "யாரோ செய்வினை வச்சிட்டாங்க" என்றார். தாயத்து, மந்திரிப்பு, குறி கேட்பது என்று ஊர் ஊராகப் போனார்கள். ஆடு விற்றார்கள், கம்மல் அடகுக்குப் போனது. எட்டு மாதம் ஓடிவிட்டது. ஊருக்குத் தெரிந்தால் மகளுக்கு வரன் வராது என்ற பயத்தில்தான் அந்த அக்கா கூட்டத்துக்கு வரவில்லை.

(அந்த அக்காவிடம் சம்மதம் கேட்டுத்தான் இதைச் சொல்கிறோம். பேரும் ஊரும் சொல்ல மாட்டோம். நீங்களும் யார் என்று தேடாதீங்க.)

இது நோய்தான்

சர்க்கரை, பிரஷர் மாதிரி இதுவும் ஒரு உடம்பு நோய். மூளையின் வேலையில் வரும் கோளாறு. அம்மா வளர்த்த வளர்ப்பால் வந்ததில்லை. 2015-16ல் பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் எடுத்த தேசிய மனநலக் கணக்கெடுப்பில், பெரியவர்களில் 100 பேருக்கு சுமார் 10 பேருக்கு மனநலப் பிரச்சினை இருப்பது தெரிந்தது. அவர்களில் பெரும்பாலோர் சிகிச்சைக்கே போகவில்லை. மனநலப் பிரச்சினைகளில் பாதி 14 வயதுக்குள்ளேயே தொடங்கிவிடுகிறது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. அதனால்தான் பிள்ளைகளைப் பற்றிப் பேசுகிறோம்.

கீழே சொல்வது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் கவனிக்க வேண்டும்: தூக்கம் கெடுவது, சாப்பாடு குறைவது, எதிலும் விருப்பமில்லாமல் இருப்பது, காரணமில்லாத கோபம், யாரோடும் பேசாமல் ஒதுங்குவது, படிப்பிலோ வேலையிலோ திடீர் சரிவு. காதில் யாரோ பேசுவதாகச் சொன்னாலோ, வீட்டாரையே சந்தேகப்பட்டாலோ இரண்டு வாரம் காத்திருக்கவே கூடாது. கஞ்சா பழக்கம் இருக்கிற பையன்களுக்கு இந்த ஆபத்து அதிகம். அடித்துத் திருத்தலாம் என்று நினைக்காதீங்க.

"நான் இருந்து என்ன ஆகப் போகுது" என்று பிள்ளை சொன்னால் அதை நடிப்பு என்று தள்ளாதீங்க. "சாகணும்னு தோணுதா கண்ணு?" என்று நேராகவே கேளுங்க. கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. "அம்மா கேட்டாளே" என்று பாரம்தான் இறங்கும். அன்றைக்குத் தனியாக விடாதீங்க. வயலுக்கு வாங்கிய பூச்சி மருந்தை வீட்டில் வைக்காதீங்க, வைத்தே ஆகணும் என்றால் பூட்டி வைங்க. 2022ல் தமிழ்நாட்டில் மட்டும் 19,834 பேர் தற்கொலையால் இறந்ததாக தேசிய குற்ற ஆவணக் காப்பகம் கணக்குக் கொடுத்திருக்கிறது. அதில் எத்தனை வீட்டில் முன்னாடியே அறிகுறி தெரிந்திருக்கும், யோசித்துப் பாருங்க.

"போலீஸ் கேஸ் ஆயிடும்" என்று பயந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தாமதிக்கிறார்கள். 2017ஆம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டம், அப்படி முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தவர், அவருக்குத் தண்டனை கூடாது, சிகிச்சைதான் தரவேண்டும் என்கிறது. 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய குற்றவியல் சட்டத்தில் பழைய 309ஆம் பிரிவு இல்லை. அதனால் முதலில் 108க்குப் போன் பண்ணுங்க. உயிர்தான் முக்கியம்.

எங்கே போவது?

முதல் வழி போன். 14416. இது டெலி மானஸ் என்ற அரசு சேவை, 2022 அக்டோபரில் ஆரம்பித்தது. தமிழ்நாட்டில் "நட்புடன் உங்களோடு" என்று பேர். இரவும் பகலும் இலவசம். தமிழிலேயே பேசலாம். ஆலோசகர் பேசுவார், தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடம் இணைப்பார். நம்ம ஊரில் வாடகைக்கு இருக்கிற ஒடிசா, பீகார் தொழிலாளிகளும் அவங்க மொழியில் பேசலாம், அவங்களுக்கும் இந்த நம்பரைச் சொல்லுங்க. சென்னையில் டாக்டர் லட்சுமி விஜயகுமார் 1986ல் தொடங்கிய ஸ்நேகா அமைப்பும் மனம் உடைந்தவர்களோடு பேசுகிறது. எண் 044-24640050.

இரண்டாவது, அரசு ஆஸ்பத்திரி. ஒவ்வொரு மாவட்டத்திலும் மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. மனநல மருத்துவர், உளவியலாளர், சமூகப்பணியாளர் கொண்ட குழு அதில் வேலை செய்கிறது. திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022ல் திறக்கப்பட்டது, அதன் மருத்துவமனையில் மனநலப் பிரிவுக்கு ஓ.பி. சீட்டு போடலாம். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி அரசு ஆஸ்பத்திரியில் மனநல டாக்டர் எந்தக் கிழமை பார்ப்பார் என்று முன்கூட்டியே கேட்டுக்கொண்டு கிளம்புங்க. கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டாலும் விசாரித்துச் சொல்வார். ஒரு நாள் கூலியை விட்டுவிட்டுப் போய் டாக்டர் இல்லை என்று திரும்பி வந்தால், அந்தக் குடும்பம் மறுபடி கிளம்பாது. மாத்திரை இலவசம்.

மூன்றாவது, சென்னை அயனாவரத்தில் இருக்கிற அரசு மனநலக் காப்பகம். நாம் "கீழ்ப்பாக்கம்" என்று கேலி பேசுவோமே, அதுதான். 1794லேயே தொடங்கியது. கும்மிடிப்பூண்டியில் மின்சார ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்கினால் அங்கிருந்து பஸ் இருக்கிறது. ஓ.பி.யில் பார்த்து மாத்திரை வாங்கிக்கொண்டு அன்றைக்கே வீடு திரும்புகிறவர்கள்தான் ஏராளம். அந்த கேலியை நம்ம பிள்ளைங்க வாயிலிருந்து முதலில் எடுக்கணும். சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984ல் தொடங்கிய ஸ்கார்ப், 1993ல் தொடங்கிய பேனியன் ஆகிய அமைப்புகளும் நெடுநாள் மனநோய் உள்ளவர்களுக்கும் குடும்பத்துக்கும் உதவுகின்றன.

இந்த எண்களையும் தீர்மான நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைங்க: குழந்தைகளுக்கு ஏதாவது என்றால் 1098. பள்ளிக்கூட விஷயத்துக்கு 14417. வீட்டில் அடி உதை என்றால் 181. குடி, போதையை விட 14446. மருத்துவ ஆலோசனைக்கு 104.

சாமி கும்பிடுவது தப்பா?

இல்லை. பெரியபாளையத்தம்மனுக்கு வேண்டிக்கோங்க, மனசுக்குத் தெம்பு வரும். மாத்திரையும் கொடுங்க. ஏர்வாடி தர்காவில் இப்போது அரசு மனநல சிகிச்சையும் துவாவும் சேர்ந்தே நடக்கிறது. அதே ஏர்வாடியில்தான் 2001 ஆகஸ்ட் 6 அன்று ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்து 28 பேர் இறந்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்ததால் அவர்களால் ஓட முடியவில்லை. 2017 சட்டப்படி மனநோயாளியை எங்கேயும், எந்த விதத்திலும் சங்கிலியில் கட்டக்கூடாது. "கட்டிப் போட்டாத்தான் சரியாகும்" என்று யார் சொன்னாலும் அங்கே விட்டுவிட்டு வராதீங்க.

நம்மால் என்ன முடியும்?

"நாங்க என்ன டாக்டரா?" என்று கேட்கலாம். ஆப்பிரிக்காவில் ஜிம்பாப்வே நாட்டில் டாக்டர் டிக்சன் சிபாண்டா என்பவர் 2006ல் 14 பாட்டிமார்களுக்குப் பயிற்சி கொடுத்தார். சுகாதார நிலையத்துக்கு வெளியே ஒரு மர பெஞ்சு. மனம் நொந்து வருகிறவர் பக்கத்தில் பாட்டி உட்கார்ந்து கேட்பார், ஒரு பிரச்சினையை எடுத்து அடுத்து என்ன செய்யலாம் என்று சேர்ந்து யோசிப்பார். அது பலன் தந்தது என்று 2016ல் ஆய்வு வெளிவந்தது. அங்கே பேசி முடித்த பெண்கள் பிறகு குழுவாகச் சேர்ந்து பை பின்னுகிறார்கள். நம்ம குழு மாதிரியேதான்! நம்ம மாநிலத்திலும் இலங்கைத் தமிழர் முகாமில் ஸ்நேகா அமைப்பு முகாம்வாசிகளுக்கே பயிற்சி கொடுத்து, ஆபத்தில் இருப்பவர்களைத் தொடர்ந்து போய்ப் பார்க்க வைத்தது. போய்ப் பார்த்துப் பேசுவதே உயிரைக் காக்க உதவும் என்பதுதான் அதில் நாம் கற்க வேண்டியது.

கடன் கவலையும் மனசை அரிக்கும். வாசலில் நின்று மிரட்டி வசூல் செய்வதைத் தடுக்க 2025ல் தமிழ்நாடு அரசு சட்டமே கொண்டுவந்திருக்கிறது. நம்ம குழுவே ஒருத்தி வீட்டு முன்னால் போய் உட்கார்ந்து மானத்தை வாங்கக் கூடாது.

ஆகவே நான்கு தீர்மானம் முன்வைக்கிறோம். ஒன்று, இரண்டு கூட்டம் வராதவர் வீட்டுக்கு ஊக்குநரும் இன்னொரு உறுப்பினரும் போய்ப் பார்த்த பிறகே அபராதம் பற்றிப் பேச வேண்டும். இரண்டு, ஆஸ்பத்திரி போக வரச் செலவுக்கு உள்கடனில் அவசரத் தொகை ஒதுக்க வேண்டும். மூன்று, முதல் தடவை குழுவில் ஒருவர் துணைக்குப் போக வேண்டும். நான்கு, அந்த வீட்டு விஷயம் அந்த வீட்டோடு. தண்ணிக் குழாயடியில் பேசினால் அடுத்த வீடு நம்மிடம் வாயே திறக்காது.

கடைசியாக அந்தப் பையனைச் சொல்லிவிடுகிறோம். குழுவில் ஒருத்தர் தற்செயலாக வீட்டுக்குப் போய்ப் பார்த்துத்தான் விஷயம் வெளியே வந்தது. அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். மாத்திரை ஆரம்பித்தது. கொஞ்ச நாளில் தூக்கம் வந்தது. நடுவில் "நல்லாயிட்டான்" என்று அவர்களாகவே மாத்திரையை நிறுத்தினார்கள், திரும்ப வந்துவிட்டது. அதனால் டாக்டர் சொல்லாமல் நிறுத்தாதீங்க. தூக்கக் கலக்கமோ உடம்பு பெருப்பதோ இருந்தால் டாக்டரிடமே சொன்னால் மாற்றித் தருவார். இப்போது அவன் பகல் வேலை மட்டும் போகிறான். பழைய கலகலப்பு முழுசா வரவில்லை. ஆனால் சாயங்காலம் வந்து அம்மாவோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான்.

அந்த அக்கா கூட்டத்துக்கு வந்த அன்றைக்கு அபராதத்தைத் திருப்பிக் கொடுத்தோம், தீர்மானத்தில் எழுதியே கொடுத்தோம். வாங்கிக்கொண்டு, "இத சேமிப்புல போட்டுக்கோங்க" என்றார். அந்த எட்டு மாதத்தை எங்களால் திருப்பிக் கொடுக்க முடியவில்லை.

இன்றைக்கு வீட்டுக்குப் போகிற வழியில், உங்க குழுவில் கொஞ்ச நாளாக வராத ஒருத்தரை நினைத்துப் பாருங்க. அவங்க வீட்டுப் பக்கமா போங்க.