தண்டனை எதற்காக?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது)



பத்திரிகையில் ஒரு கொடுமையைப் படித்ததும் “தூக்கில் போடு” என்கிறோம். அந்தக் கோபம் நியாயமானது. ஆனால் கோபம் தணிந்த பிறகு ஒரு கேள்வி கேட்டாக வேண்டும். அரசாங்கம் ஒருவனைத் தண்டிப்பது எதற்காக? சட்டம் படித்தவர்கள் நான்கு காரணங்கள் சொல்கிறார்கள்.

முதலாவது, செய்த குற்றத்துக்கு ஈடு. இதனால் பாதிக்கப்பட்டவன் தானே அரிவாளைத் தூக்காமல் இருக்கிறான். குற்றத்தின் அளவுக்கு மேல் தண்டிக்கக் கூடாது என்ற வரம்பும் கிடைக்கிறது. ஆனால் தீர்ப்புத் தவறினால்? ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998-ல் பூந்தமல்லி தனி நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு என்றது. 1999-ல் உச்ச நீதிமன்றம் 4 பேருக்கு மட்டுமே அதை உறுதி செய்தது. 3 பேருக்கு ஆயுள். மீதி 19 பேரைக் கொலைக் குற்றத்திலிருந்து விடுவித்தது. முதல் தீர்ப்போடு கயிற்றை மாட்டியிருந்தால் அந்த 19 உயிர்களுக்கு யார் பதில் சொல்வது?

இரண்டாவது, அச்சம். ஒருவனைத் தண்டித்தால் மற்றவன் பயப்படுவான் என்பது. இது பொய்யல்ல; ஆனால் பயம் எங்கிருந்து வருகிறது? ரயில்வேக்காரன் நான் சொல்கிறேன். டிக்கெட் இல்லாமல் ஏமாற்றிப் பயணம் செய்தால் 1989 ரயில்வே சட்டப்படி ஆறு மாதம் வரை சிறை உண்டு. அதை நினைத்து யாரும் டிக்கெட் எடுப்பதில்லை. இன்று செக்கிங் என்று தெரிந்தால் கவுண்டரில் வரிசை நீளுகிறது! தண்டனையின் கடுமையைவிட, பிடிபடுவோம் என்ற நிச்சயமே மனிதனைத் தடுக்கிறது. இத்தாலியில் பெக்காரியா 1764-லேயே இதை எழுதிவிட்டார்.

மூன்றாவது, ஆபத்தானவனை அடைத்து வைப்பது. அவன் உள்ளே இருக்கும்வரை ஊருக்கு நிம்மதிதான். ஆனால் பெரும்பாலோர் ஒரு நாள் வெளியே வருவார்கள். சின்னத் திருடனைப் பெரிய திருடனோடு அடைத்தால் எந்தப் பாடம் படித்து வருவான்?

நான்காவது, திருத்துவது. ராஜஸ்தானில் சாங்கானேர் திறந்தவெளிச் சிறையை 1963-ல் தொடங்கினார்கள். அங்கே கைதி குடும்பத்தோடு தங்கி, வெளியே வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கலாம். 2024 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதாவிலும் சில சிறு குற்றங்களுக்குச் சமூக சேவை ஒரு தண்டனையாகியிருக்கிறது. இதிலும் குறை உண்டு. எல்லோரும் திருந்துவார்கள் என்று யாரும் எழுதித் தர முடியாது. பறிகொடுத்த குடும்பம், “அவன் திருந்தினான் சரி, எங்களுக்கு என்ன?” என்று கேட்டால் அதற்கும் பதில் வேண்டும்.

தோழர்களே, இந்த நான்கில் எதிலும் சேராத ஒரு தண்டனை இருக்கிறது. 2022 கணக்குப்படி நம் நாட்டுச் சிறைகளில் இருந்தவர்களில் நான்கில் மூன்று பேர் விசாரணைக் கைதிகள். குற்றம் நிரூபிக்கப்படவில்லை, ஆனால் சிறை நடக்கிறது. இது எதற்கு ஈடு? யாரைத் திருத்த?

இதில் அதிகம் சிக்குகிறவன் பிழைக்க வந்தவன். அவனுக்கு ஜாமீன் நிற்க ஊரில் ஆள் இல்லை. புகாரிலிருந்து மதுரைக்குப் போன கோவலனுக்கும் அதுதானே கதி! மத்தியப் பிரதேசத்தில் மோத்தி ராம் என்ற கொத்தனாரிடம் 10,000 ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். உடன்பிறந்தவர் நிற்க வந்தார். அவர் சொத்து வேறு மாவட்டத்தில் என்று மறுத்தார்கள். 1978-ல் நீதிபதி கிருஷ்ணய்யர் அதைக் கண்டித்து, 1,000 ரூபாய் சொந்தப் பிணையில் விடச் சொன்னார். தூர தேசத்தில் கைதாகும் தமிழன் அங்கே சொத்துள்ள ஜாமீன்தாரருக்கு எங்கே போவான் என்றும் அந்தத் தீர்ப்பு கேட்டது.

ஆகவே சங்கத்துக்கு இரண்டு வேலை சொல்கிறேன். ஒன்று, ஜாமீன் நிற்கத் தயாரான உறுப்பினர்களின் பட்டியல் எழுதுவோம். இரண்டு, காவலில் இருக்கும் எவருக்கும் வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு என்கிறது 1987 சட்டப் பணிகள் ஆணையச் சட்டம். இதை ஒவ்வொரு சாலுக்கும் போய்ச் சொல்வோம். குற்றவாளிக்குத் தண்டனை வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஏழை என்பதற்காகத் தண்டனை வேண்டாம் என்கிறேன். பட்டியலில் முதல் பெயராக என் பெயரை எழுதிக்கொள்ளுங்கள்.