அகதியின் நாவில் தெளிந்த மொழி



மொழி தெரியாதவரை அறிவு குறைந்தவராகக் காட்டிச் சிரிக்கவைப்பது நாடகமேடையின் பழைய வழக்கம். அதனைத் தலைகீழாக்கிய ஒரு நகைச்சுவை நாடகத்தைப் பற்றிப் பேச விழைகிறோம். குய் நுயென் எழுதிய ‘வியட்கான்’ 2015இல் கலிபோர்னியாவில் அரங்கேறியது.

1975 ஏப்ரல் 30இல் சைகோன் வீழ்ந்தது. ஹெலிகாப்டர் விமானி குவாங், மனைவியையும் இரு குழந்தைகளையும் பிரிந்து அமெரிக்கா சேர்கிறான். அர்கன்சா மாநிலத்து ஃபோர்ட் சாஃபி அகதிமுகாமில் டோங் என்னும் பெண்ணைச் சந்திக்கிறான். இவர்கள் நாடகாசிரியரின் பெற்றோர். காதலை ஏற்க அவளுக்கு மனமில்லை. அவனோ ஊர் திரும்பும் வழிதேடி, நண்பனுடன் மோட்டார் சைக்கிளில் கலிபோர்னியாவுக்குப் புறப்படுகிறான்.

இவர்கள் தம்முள் பேசுவது வியட்நாமிய மொழி. ஆனால் நம் செவியில் விழுவது குறும்பும் கொச்சையும் கலந்த சரளமான ஆங்கிலம். உணர்ச்சி மிகுந்தால் ராப் இசைக்கிறார்கள். (சில இடங்களில் அது சற்று நீள்கிறது என்பது எம் கருத்து.) அமெரிக்கர் வாய்திறந்தாலோ, உணவுப் பெயர்களும் வெற்றுக் கூச்சலும் பொருளின்றி உதிர்கின்றன. அகதியின் காதில் புதிய மொழி எவ்வாறு ஒலித்திருக்கும் என்பதை நாம் அகதியாகவே இருந்து கேட்கிறோம்.

இறுதிக் காட்சியில் முதுமையடைந்த குவாங், நாடகாசிரியரான மகனிடம் உண்மையான ஆங்கிலத்தில், வியட்நாமிய உச்சரிப்புடன் பேசுகிறார். இதுவரை அவரது சொல்வன்மையில் திளைத்த நம்மால் இப்போது அவரை எளியவராக எண்ண இயலவில்லை. அமெரிக்கா நடத்திய போர் தவறு என்னும் மகனின் கருத்தை அந்தத் தந்தை ஏற்க மறுக்கிறார். தம் மண்ணைக் காக்கப் போரிட்டவர் அவர்.